ஒரே ஒரு ‘செக்’குக்குள் எத்தனை ராஜாங்கம் தெரியுமா?

கட்டம் போட்ட செக் சட்டையை மாட்டிக்கொண்டு, பையில் பேங்க் செக்கை மடித்து வைத்துக்கொண்டு, வண்டிக்குக் காற்று செக் பண்ணிவிட்டு, ஊர் எல்லையில் செக்போஸ்ட்டைத் தாண்டி, நண்பர் வீட்டுத் திண்ணையில் சதுரங்கப் பலகையை விரித்து, அவருடைய ராஜாவுக்கு ‘செக்!’ என்கிறீர்கள். எண்ணிப் பாருங்கள், ஐந்து செக். சட்டைக்கும் பேங்குக்கும் காற்றுக்கும் காவல் சாவடிக்கும் சதுரங்கத்துக்கும் ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம்? ஐந்தும் ஒரே சொல் தெரியுமா? அந்த ஒரே சொல்லும் ஆங்கிலம் பெற்ற பிள்ளை இல்லை, பாரசீகத்து அரசர்களின் பட்டப்பெயர் என்பது தெரியுமா?

முதலில் கூட்டத்தில் நுழைந்துவிட்ட வெளியாட்களை அனுப்பிவிடுவோம். எண்ணெய் ஆட்டும் செக்கு நம்முடையது. இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை. செக் குடியரசு ஸ்லாவிய இனப் பெயர். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி லத்தீன்காரர். மீதி எல்லாச் செக்கும் ஒரே குடும்பம்.

குடும்பத் தலைவர் பெயர் ‘ஷா’. பாரசீகத்தில் அரசர் என்று பொருள். இரானின் பெஹிஸ்தூன் மலைப்பாறையில், சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் முதலாம் தாரியஸ் தன் வெற்றிகளை வெட்டிவைத்தார். அதில் தன்னை ‘க்ஷாயதிய’ என்று சொல்லிக்கொள்கிறார். அந்த நீளப் பட்டம் காலப்போக்கில் தேய்ந்து தேய்ந்து ‘ஷா’ என்று ஓரெழுத்தில் வந்து நின்றது. இப்போது ‘க்ஷாயதிய’ என்பதை இன்னொரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். க்ஷத்திரியர் காதில் விழுகிறாரா? விழத்தான் வேண்டும். சமஸ்கிருதத்தில் ஆட்சியைக் குறிக்கும் ‘க்ஷத்ர’மும் பழம் பாரசீகத்தின் இந்தச் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. சட்டைக் கடையில் ‘செக் டிசைன் காட்டுங்க’ என்று கேட்கும்போது தூரத்து உறவில் ஒரு சத்திரியரையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்! மொகலாயரின் ‘பாதுஷா’ பட்டத்திலும் அதே ஷாதான் வாலில் உட்கார்ந்திருக்கிறார். மிட்டாய்க் கடையில் அந்தப் பட்டத்தைக் கிலோ கணக்கில் வாங்கித் தின்கிறோம், அது தனிக் கதை.

சரி, பாரசீக ராஜா ஆங்கிலத்துக்குள் எப்படி நுழைந்தார்? நம் ஊர்ச் சதுரங்கப் பலகையில் ஏறித்தான். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாலு உறுப்புப் படையே ‘சதுரங்கம்’. இந்தியாவிலிருந்து அந்த விளையாட்டு இரானுக்குப் போய் ‘சத்ரங்’ ஆனது. அரபுகளிடம் போய் ‘ஷத்ரஞ்ஜ்’ ஆனது. பெயர் இந்தியப் பெயர்தான், ஆனால் ஆடும்போது போட்ட கூச்சல் பாரசீகம். எதிரியின் அரசனைத் தாக்கும் காயை நகர்த்தினால் ‘ஷா!’ என்று குரல் கொடுக்க வேண்டும். ‘ராஜா, ஜாக்கிரதை!’ என்று அர்த்தம். அரசனைச் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டுவது மரியாதை இல்லையாம். இந்த நாசூக்கு சும்மா போகவில்லை. இன்றுவரை சதுரங்கத்தில் எல்லாக் காயையும் வெட்டிப் பலகைக்கு வெளியே வைக்கலாம், ராஜாவை மட்டும் வெட்ட முடியாது. தாக்குதலிலிருந்து தப்ப வழியில்லாமல் அவர் நிற்கும் கணத்தில் ஆட்டம் முடிந்துவிடும். இன்னொரு வேடிக்கை: இத்தனை மொழிகளுக்கு ஊட்டம் கொடுத்த அந்தக் கூச்சல் இன்று கட்டாயமே இல்லை. சர்வதேசச் சதுரங்க விதிகளின்படி ‘செக்’ என்று வாய் திறக்க வேண்டியதில்லை. பெரிய போட்டிகளில் யாரும் திறப்பதும் இல்லை.

‘செக்மேட்’ என்றால் ‘ராஜா செத்தார்’ என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான் என்பதால் வந்த விளக்கம் அது. பாரசீகத்தில் ‘ஷா மாத்’ என்றால் ராஜா திகைத்துப்போனார், வழியற்று நிற்கிறார் என்று பொருள் கொள்வோர் உண்டு. பலகையில் நடப்பதோடு பொருந்துவது இதுதான் என்பேன். அங்கே யாரும் சாவதில்லை. ராஜா நின்ற இடத்திலேயே நிற்கிறார், கால் வைக்க ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

அரபுகளிடமிருந்து ஐரோப்பாவுக்குப் போனதும் ஷாவுக்கு ஊருக்கு ஒரு பெயர். லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’. ஜெர்மனியில் ‘ஷாஹ்’. ஹங்கேரியில் ‘ஷக்’. ரஷ்யர்கள் ஒரு படி மேலே போய் ‘ஷா மாத்’ என்ற கடைசிக் கூச்சலையே விளையாட்டுக்குப் பெயராக்கி ‘ஷாஹ்மத்தி’ என்றார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடும் பெயர்! பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’. அங்கிருந்து 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் வந்தது ‘செக்’. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மை ‘எஷெ’ என்பதிலிருந்து வந்தது ‘செஸ்’. ஆக, செக்கும் செஸ்ஸும் ஒருமையும் பன்மையும்தான் தெரியுமா? ஒரே வீட்டில் ஒருவருக்கு ஒருவர் அடையாளம் தெரியாமல் எழுநூறு வருஷமாகக் குடியிருக்கிறார்கள்.

பிரெஞ்சில் நடந்த கொடுமையையும் கேளுங்கள். அங்கே ‘எஷெக்’ என்றால் இன்று தோல்வி. பரீட்சையில் கோட்டை விட்டால் எஷெக், தேர்தலில் டெபாசிட் போனால் எஷெக். ராஜாதி ராஜனின் பட்டம் தோல்விக்குப் பெயராகிவிட்டது! போர்ச்சுகீசியர்கள் சதுரங்கத்தை ‘ஷத்ரேஸ்’ என்கிறார்கள். இது நம் சதுரங்கமே அரபு வழியாகத் தேய்ந்து போனது. துணியில் கட்டம் போட்டிருந்தாலும் அதே ஷத்ரேஸ். பிரேசிலின் தெருப் பேச்சில் சிறைக்கும் அதே பெயர்.

இனி ஆங்கிலத்துக்குள் செக் போட்ட குட்டிகள். பலகையில் ‘செக்’ விழுந்தால் உங்கள் திட்டமெல்லாம் நிற்கிறது. எங்கே என்ன ஆனாலும் முதலில் ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். இதிலிருந்து ‘சட்டென்று தடை’ என்ற பொருள் பிறந்தது. தடையிலிருந்து ‘கட்டுக்குள் வைப்பது’. ஓடையின் குறுக்கே கல்லடுக்கி நீரை மறிக்கும் தடுப்பணையைப் பொறியாளர்கள் ‘செக் டேம்’ என்பது இந்தப் பொருளில்தான். நீர் ஒரு பக்கமாகவே போக, திரும்பி வராமல் மூடிக்கொள்ளும் வால்வை பிளம்பர் ‘செக் வால்வு’ என்பதும் இதில்தான். வல்லூறு வளர்த்து வேட்டையாடிய ஆங்கிலப் பிரபுக்களிடமும் ஒரு செக் இருந்தது. ஏவிய இரையை விட்டுவிட்டு வழியில் பறந்த சில்லறைப் பறவையைத் துரத்திக்கொண்டு வல்லூறு போய்விட்டால் அது ‘செக்’கில் பறக்கிறது என்பார்களாம். இன்று மேசையில் வேலை இருக்க, போனைத் தடவிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தச் சொல்லைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கட்டுக்குள் வைக்க வேண்டுமென்றால் சரிபார்க்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ‘செக்’ என்ற வினைச்சொல் சரிபார்ப்பது என்ற பொருளில் நடமாடத் தொடங்குகிறது. பஸ்ஸில் ‘செக்கிங் ஏறிட்டாங்க’ என்றதும் நாம் சட்டைப்பையைத் துழாவுகிற பதற்றத்துக்கெல்லாம் மூலம் அது.

ஆனால் சரிபார்ப்புக்கு ஒரு முன்கதை உண்டு. அது சுவாரஸ்யமானது, நின்று பார்க்க வேண்டியது. பிரிட்டனின் நிதியமைச்சருக்கு இன்றைக்கும் அதிகாரப்பூர்வப் பதவிப் பெயர் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’. எக்ஸ்செக்கர் என்றால் என்ன தெரியுமா? சதுரங்கப் பலகை! சொல்லுக்குச் சொல் பார்த்தால், ஒரு நாட்டின் கஜானா சாவியை வைத்திருப்பவர் சதுரங்கப் பலகைக்கு அமைச்சர்.

12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போவோம். இரண்டாம் ஹென்றி ராஜா. அவருடைய பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், பிற்பாடு லண்டன் பிஷப் ஆனவர். இவர் 1170-களின் இறுதியில் கஜானா எப்படி நடக்கிறது என்று லத்தீனில் ஒரு கையேடு எழுதிவைத்தார். மாணவன் கேட்க, ஆசிரியர் பதில் சொல்லும் பாணி. அதில் முதலில் வருவதே அந்த மேசைதான். பத்தடி நீளம், ஐந்தடி அகலம். மேலே வைத்தது விழாமல் இருக்க நாலு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. மேலே விரிப்பதற்கு ஒரு கறுப்புத் துணி, அதில் ஒரு அடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் சதுரங்கப் பலகை.

அந்தக் காலத்தில் கணக்கை ரோமன் எண்களில் எழுதினார்கள். பூஜ்ஜியம் கிடையாது. ரோமன் எண்ணில் கூட்டல் போட்டுப் பாருங்கள், நம் ஊர் எட்டாம் வகுப்புப் பிள்ளையே அழுதுவிடும். அதனால் எழுதிக் கூட்டவே இல்லை. துணிமேல் வில்லை வைத்துக் கூட்டினார்கள். வலது கோடியில் பென்ஸுக்கு ஒரு பத்தி. அடுத்தது ஷில்லிங். அடுத்தது பவுண்டு. அப்புறம் இருபது பவுண்டு, நூறு, ஆயிரம். ஷெரீஃப் தன் மாவட்டத்து வரிப் பணத்துடன் ஈஸ்டருக்கு ஒரு தடவை, செப்டம்பர் கடைசியில் மைக்கேல்மாஸ் திருநாளுக்கு ஒரு தடவை வந்து எதிரே உட்கார வேண்டும். அவர் கட்ட வேண்டிய தொகைக்கு மேல் வரிசையில் வில்லைகள். கொண்டுவந்த தொகைக்குக் கீழ் வரிசையில் வில்லைகள். பென்ஸ் பத்தியில் 12 வில்லை சேர்ந்துவிட்டதா? அள்ளி எடுத்துவிட்டு ஷில்லிங் பத்தியில் ஒன்றை வை. ஷில்லிங்கில் 20 சேர்ந்ததா? எடுத்துவிட்டுப் பவுண்டில் ஒன்று. இடம் மாறினால் மதிப்பு மாறும் என்ற தத்துவம் முழுக்க அந்தத் துணியில் இருந்தது, அதற்கான எண்கள்தான் இல்லை. படிப்பறிவில்லாத ஷெரீஃபும் மேலேயும் கீழேயும் பார்த்து, எங்கே வில்லை குறைகிறது, தான் எவ்வளவு பாக்கி என்று தெரிந்துகொள்ளலாம். யாரும் யாரையும் எழுத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது.

ஃபிட்ஸ்நீலே இதைச் சதுரங்கத்தோடு ஒப்பிடுகிறார். பலகையில் இரண்டு ராஜாக்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரீஃபும் மோதுகிறார்கள், மற்றவர்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கஜானாப் பொருளாளர் எழுதிய கையேட்டில் இவ்வளவு ரசனை! நம் ஆடிட் அறிக்கைகள் எப்போது இப்படி வரும் என்று ஏங்கத்தான் முடியும்.

கணக்கு முடிந்தால் ரசீது வேண்டுமே? காகிதம் கிடையாது, தோலில் எழுதினால் செலவு. அதனால் ஒரு மரக்குச்சியில் வெட்டுப் போட்டார்கள். பெரும்பாலும் ஹேசல் மரக் குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைக் கனத்துக்கு ஒரு வெட்டு. நூறுக்குக் கட்டைவிரல் கனம். இருபதுக்குச் சுண்டுவிரல். ஒரு பவுண்டுக்கு வாற்கோதுமை மணி அளவு. ஒரு பென்னிக்கு வெறும் கத்திக் கீறல், செதில் எடுக்கக் கூடாது. பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்தால் வெட்டு இரண்டு பாதியிலும் பாதிப்பாதி விழும். பணம் கொடுத்தவருக்கு நீண்ட பாதி, வாங்கியவருக்குக் குட்டைப் பாதி. பிறகு சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார். ஒருவர் திருட்டுத்தனமாக ஒரு வெட்டுக் கூட்டியிருந்தால் மற்ற பாதியில் அது இருக்காது. மரத்தின் ரேகையும் பொய் சொல்லாது. நீண்ட பாதிக்குப் பெயர் ‘ஸ்டாக்’. ஆமாம், பங்குச் சந்தையில் தினம் ஏறி இறங்கும் அதே ஸ்டாக்! குட்டைப் பாதிக்குப் பெயர் ‘ஃபாயில்’. செக் புத்தகத்தில் கிழித்த பிறகு மிச்சம் நிற்கும் துண்டை ‘கவுன்டர்ஃபாயில்’ என்கிறோமே, அந்தப் பெயரின் பூர்வீகம் இந்தக் குச்சிதான்.

இந்தக் குச்சிகள் செய்த அட்டகாசம் தெரியுமா? காகிதம் வந்தது, அச்சு வந்தது, இங்கிலாந்து வங்கி வந்தது, நீராவி இயந்திரம் வந்தது. குச்சி மட்டும் போகவில்லை. 1782-ல் ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். ஆனால் அந்தப் பதவிகளில் இருந்தவர்கள் ஓய்வு பெறும்வரை அல்லது சாகும்வரை பொறுக்க வேண்டும் என்று ஒரு வால். அரசாங்க உத்தியோகம் எங்கேயும் ஒன்றுதான்! கடைசியில் 1826-ல் குச்சிக்கு மூடுவிழா. நாடாளுமன்றம் கூடிய வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில் மலைமலையாகக் குவிந்திருந்த பழைய குச்சிகளை என்ன செய்வது? 1834 அக்டோபர் 16-ஆம் தேதி, பிரபுக்கள் சபைக்கு அடியில் இருந்த உலைகளில் போட்டு எரித்துவிடலாம் என்று முடிவு. இரண்டு வண்டி குச்சி. காய்ந்து சருகான மரம். காலையிலிருந்து திணித்துக்கொண்டே இருந்தார்கள். மத்தியானம் சபையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் தரை கொதிக்கிறதே என்றார்கள், புகையாக இருக்கிறதே என்றார்கள். யாரும் அசரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தீ குப்பென்று பிடித்தது. இரவுக்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பெரும்பகுதி சாம்பல்! பழைய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தை மட்டும் எப்படியோ காப்பாற்றினார்கள். ஓவியர் டர்னர் அந்தத் தீயை வரைந்தார். சார்லஸ் டிக்கன்ஸ் 1855-ல் ஒரு மேடையில் இதை எடுத்துவைத்துக் கிழிகிழியென்று கிழித்தார். அந்தக் குச்சிகளைப் பக்கத்தில் இருந்த ஏழைகளுக்கு அடுப்பெரிக்கக் கொடுத்திருக்கலாமே என்பது அவர் கேள்வி. இன்று நாம் படத்தில் பார்க்கும் லண்டன் நாடாளுமன்றம் அந்தத் தீக்குப் பிறகு கட்டியது. அதாவது, பிக் பென் கடிகாரம் இருக்கும் கோபுரம் அங்கே நிற்பதற்குச் சதுரங்கப் பலகைக் கஜானாவின் பழைய ரசீதுகளும் ஒரு காரணம்.

பேங்க் செக்குக்கு வந்துவிட்டோம். பணத்துக்கு ஆணை எழுதிக் கொடுக்கும்போது, பிற்பாடு ஒத்துப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்ட துண்டின் பெயர்தான் முதலில் ‘செக்’. மோசடிக்குத் தடை போடுவதால் அந்தப் பெயர். பிறகு துண்டின் பெயர் தாளுக்கே ஏறிவிட்டது! ‘செக்’ என்ற பெயர் ஒட்டுவதற்கு முன்பே தாள் நடமாடியது. இங்கிலாந்தில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழைய காசோலைகளில் ஒன்று, நிக்கோலஸ் வானேக்கர் என்பவர் 400 பவுண்டுக்கு எழுதியது. தேதி 1659 பிப்ரவரி 16. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் எக்ஸ்செக்கரின் நினைவில் எழுத்துக்கூட்டலைக் கொஞ்சம் அலங்காரமாக மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் பழையபடியே எழுதுகிறார்கள். அமெரிக்க ஓட்டலில் சாப்பிட்டு முடித்து ‘செக்’ கேட்டால் பில் வரும். பதறிப்போய்ச் செக் புத்தகத்தைத் தேட வேண்டாம்.

நம் தமிழ் ‘காசோலை’ எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். பேங்கில் ‘ஒரு செக் லீஃப் கொடுங்க’ என்கிறோம், லீஃப் என்றால் இலை. ‘ஃபாயில்’ என்பதும் இலையைக் குறிக்கும் லத்தீன் ‘ஃபோலியம்’ வழி வந்ததே. இங்கே ஓலை. மூன்று மொழியும் மூன்று திசையிலிருந்து வந்து ஒரே இலையில் உட்கார்ந்திருக்கின்றன!

வீட்டில் பழைய செக் புத்தகம் இருந்தால் ஒரு ஓலையை எடுத்து அடியில் இருக்கும் வெள்ளைப் பட்டையைப் பாருங்கள். மூக்கு முழி கோணலாக எண்கள் இருக்கும். காந்தத்தன்மை உள்ள மையில் அச்சிட்டவை. மேலே பேனாக் கிறுக்கல் விழுந்தாலும், ரப்பர் ஸ்டாம்ப் அடித்தாலும் இயந்திரம் படித்துவிடும். முதல் ஆறு இலக்கம் செக் எண். அடுத்த ஒன்பதை மூன்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் மூன்று ஊர்: சென்னை என்றால் 600, பின்கோடு தொடங்கும் அதே எண். நடு மூன்று வங்கி: 002 என்றால் ஸ்டேட் பேங்க். கடைசி மூன்று கிளை. இத்தனை நாள் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தோமே, ஒரு நாளாவது குனிந்து பார்த்தோமா?

செக் திரும்பிவிட்டால் என்ன ஆகும் என்பது வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-ஆம் ஆண்டுக்காரர். ஆனால் கணக்கில் பணமில்லாமல் செக் கொடுப்பதைக் குற்றமாக்கும் 138-ஆவது பிரிவு அமலுக்கு வந்தது 1989 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். முட்டாள்கள் தினத்தில்! இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது செக் தொகையைப்போல இரு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டுமே. ‘ராஜா, ஜாக்கிரதை’ என்ற பழைய கூச்சல் இங்கே கணக்கு வைத்திருப்பவருக்குப் பொருந்தும்.

இனி சட்டை. சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் போட்டிருப்பதால் துணிக்கு ‘செக்கர்’ என்று பெயர், அதைச் சுருக்கி ‘செக்’. கட்டம் போட்ட துணியில் உலகத்துக்கே பெயர் போனது ‘மெட்ராஸ் செக்’ தெரியுமா? மெட்ராஸ் சென்னை ஆகிவிட்டது. ஆனால் உலகத் துணிக்கடைகளில் இன்னும் மெட்ராஸ்தான், எந்த அரசாணையாலும் மாற்ற முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ல் இங்கே கால் ஊன்றியதில் இந்தக் கரையின் பருத்தித் துணிக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கே நெய்த கட்டத் துணி கடல் கடந்து கரீபியன் தீவுகளுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது. அடிமை வியாபாரத்தில் விலையாகவும் போனது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மார்ட்டினிக், குவாதலூப், செயின்ட் லூசியா தீவுகளில் பெண்களின் மரபுடையே மெட்ராஸ். தலையில் அதைக் கட்டியிருக்கும் விதத்தில் மேலே எத்தனை முனை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணி, மணமானவளா, மனத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள்!

நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் கலபாரி என்ற மக்கள். இவர்கள் நம் துணியை வாங்கி அப்படியே உடுத்துவதோடு நிற்கவில்லை. பெண்கள் கூரான கத்தியை வைத்துத் துணியிலிருந்து குறிப்பிட்ட நூல்களை மட்டும் வெட்டி உருவுகிறார்கள். ஒரு நூல், இரண்டு நூல், அடுத்த கட்டத்தில் மறுபடி. நூல் போன இடம் சல்லடைபோல் மெலிந்து, நம் கட்டத்துக்குள்ளேயே அவர்களுடைய கோலம் எழும்பி வருகிறது. ‘பெலெத்தே பித்தே’ என்று பெயர். நாம் நூல் சேர்த்துச் செய்ததை அவர்கள் நூல் கழித்து முடிக்கிறார்கள். நம் ஊர்த் தறிக்காரர் நெய்ததில் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார் என்று அவர்கள் நினைத்தால் கோபப்பட முடியுமா?

சாயம் போன கதை இன்னும் பெரிது. 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் பத்தாயிரம் கஜம் மெட்ராஸ் துணி வாங்கினாராம். இதே நாயர்தான் பிற்பாடு லீலா ஓட்டல்களைக் கட்டியவர். குளிர்ந்த நீரில் மெல்ல அலசுங்கள், சாயம் இறங்கும் என்று அவர் சொல்லியனுப்பியது ஜேக்கப்சனோடு நின்றுவிட்டது. நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் வாங்கியவர்கள் வாஷிங் மெஷினில் போட்டார்கள். சிவப்பு நீலத்தில் கலந்தது, நீலம் மஞ்சளில் கலந்தது, வெள்ளைத் துணியெல்லாம் வானவில். வழக்குப் போடப் பறந்து வந்தார்கள். அப்புறம் யாருக்கோ மூளை வேலை செய்தது. ‘சாயம் போகும்’ என்பதையே விளம்பரம் ஆக்கினால்? ஒவ்வொரு அலசலுக்கும் புதுச் சட்டை கிடைக்கும் என்று சொன்னால்? ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்ற பெயரில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். நம் வீட்டில் அம்மா தனி வாளியில் ஊறவைத்து ‘இந்தத் துணியைச் சேர்த்துப் போடாதே’ என்று கத்தும் குறையை அவர்கள் கூடுதல் காசு கொடுத்து வாங்கினார்கள் ஐயா!

சின்னச் சின்னச் செக்குகளை ஓடிக்கொண்டே பார்த்துவிடுவோம். பிரிட்டிஷ் போலீஸ் தொப்பியில் கறுப்பு வெள்ளைக் கட்டப் பட்டை இருக்கிறதல்லவா? 1930-களில் கிளாஸ்கோவின் போலீஸ் தலைவர் பெர்சி சிலிட்டோ, ஸ்காட்லாந்துச் சிப்பாய்களின் தொப்பியைப் பார்த்து வைத்தது. அமெரிக்காவில் மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் பார்க்க 1880-களில் கொடுத்த சீட்டு ‘ரெயின் செக்’. பெர்லினில் அமெரிக்கப் பகுதிக்கும் சோவியத் பகுதிக்கும் நடுவே இருந்த ‘செக்பாயிண்ட் சார்லி’யில் சார்லி என்று யாரும் இல்லை, ஏ, பி, சி என்ற வரிசையில் மூன்றாவது சாவடி, வயர்லெஸ் பாஷையில் சி என்றால் சார்லி. அங்கே 1961 அக்டோபரில் இரு தரப்பு டாங்கிகளும் பல மணி நேரம் முகத்துக்கு முகம் நின்றன. ஒருவரும் சுடாமல் திரும்பினார்கள், உலகம் பிழைத்தது. 1952 செப்டம்பர் 23-ஆம் தேதி, நன்கொடைப் பணத்தில் முறைகேடு என்ற புகாரில் சிக்கிய அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் ரிச்சர்ட் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, அன்பளிப்பாக வந்த நாய்க்குட்டியை மட்டும் திருப்பித் தர முடியாது, பிள்ளைகள் உயிரையே வைத்திருக்கிறார்கள் என்று உருகினார். கறுப்பு வெள்ளை நாய், பெயர் செக்கர்ஸ்! துணை அதிபர் ஆகிவிட்டார்.

2022-ல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசினார்களே, நினைவிருக்கிறதா? கூவத்தின் மேல் ஒரு எக்ஸ்செக்கர்.

கடைசியாக, உங்கள் கண் முன்னாலேயே ஒரு செக் ஒளிந்துகொண்டிருக்கிறது, தெரியுமா? ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் உங்களுடையதே அல்ல! முன்னால் இருக்கும் பதினொன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு வந்தது. ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்தாலும், பக்கத்துப் பக்கத்து இரண்டை இடம் மாற்றி அடித்தாலும் கணினி உடனே பிடித்துவிடும். டச்சுக் கணிதர் வெர்ஹூஃப் 1969-ல் கண்டுபிடித்த முறை அது. இந்த வகை இலக்கத்துக்குப் பெயர் ‘செக் டிஜிட்’. நம்பவில்லையா? ஆதார் கணக்கு கொஞ்சம் சிக்கல், புத்தகத்தில் எளிது. அலமாரியிலிருந்து ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்துப் பின் அட்டையில் 978 என்று தொடங்கும் பதிமூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். முதல், மூன்றாம், ஐந்தாம் என ஒற்றைப்படை இடங்களில் இருப்பவற்றை அப்படியே கூட்டுங்கள். இரட்டைப்படை இடங்களில் இருப்பவற்றை மூன்றால் பெருக்கிக் கூட்டுங்கள். இரண்டையும் சேர்த்தால் வரும் தொகை பூஜ்ஜியத்தில் முடியும். முடியாவிட்டால் எண்ணைத் தப்பாக அச்சிட்டிருக்கிறார்கள், அல்லது நீங்கள் கூட்டலில் கோட்டை விட்டீர்கள்.

2007-க்கு முன் வந்த புத்தகங்களில் பத்து இலக்கம்தான். அந்தப் பழைய கணக்கில் செக் டிஜிட் சில சமயம் பத்து என்று வந்துவிடும். ஒரு இலக்கத்துக்கான இடத்தில் பத்தை எப்படி நுழைப்பது? பதிப்பாளர்கள் ‘எக்ஸ்’ என்று போட்டார்கள். ரோமன் எண்ணில் பத்து! கூட்ட முடியவில்லை என்றுதானே அந்த எண்களை விட்டுவிட்டுக் கறுப்புத் துணியில் வில்லை வைத்தார்கள்?